கர்ப்பப்பை உள்சவ்வு பயாப்சியில் ‘புற்று இல்லை’ என்று வந்தால் எவ்வளவு நம்பலாம்?

கேள்வியின் சுருக்கம் இது: அம்மாவுக்கு 58 வயது, மாதவிடாய் நின்று ஏழு வருடம் ஆகிறது. போன மாதம் இரண்டு முறை ரத்தம் பட்டது. உள்வழி ஸ்கேனில் கர்ப்பப்பை உள்சவ்வு 9 மில்லிமீட்டர். மயக்க மருந்து இல்லாமல் ஓபியிலேயே மெல்லிய குழாய் விட்டு பயாப்சி எடுத்தார்கள். ‘புற்று அணுக்கள் இல்லை, திசு போதுமான அளவு இல்லை’ என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. இதோடு விட்டுவிடலாமா? கர்ப்பப்பையையே எடுத்துவிடுங்கள் என்று உறவினர்கள் சொல்வது சரியா?

இரண்டுக்கும் பதில், இல்லை. உங்கள் கையில் இருக்கும் ரிப்போர்ட்டில் முதல் பாதியைப் படித்துவிட்டுத்தான் எல்லோரும் பெருமூச்சு விடுகிறார்கள். கவனிக்க வேண்டியது இரண்டாம் பாதி. திசு போதவில்லை என்றால் பரிசோதனை முடியவில்லை என்று அர்த்தம். அதை ‘நெகட்டிவ்’ கணக்கில் சேர்க்கக் கூடாது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். நம் ஊரில் ‘கர்ப்பப்பை புற்று’ என்று பொதுவாகச் சொல்வது பெரும்பாலும் கர்ப்பப்பை வாயில் வருவதை. இங்கே பேசுவது உள்ளே இருக்கும் சவ்வில், அதாவது எண்டோமெட்ரியத்தில் வருவதை. காரணம் வேறு, கண்டுபிடிக்கும் வழியும் வேறு. ‘பாப் ஸ்மியர் எடுத்தோம், நார்மல்’ என்பது இந்தப் புற்றைப் பற்றி உறுதியாக எதையும் சொல்லாது. இது இருக்கும் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு பாப் ஸ்மியர் நார்மலாகவே வரும். இந்த நோயில் உள்ள ஒரே நல்ல விஷயம், அது சீக்கிரமே ரத்தப்போக்காகக் காட்டிக்கொடுத்துவிடும். மாதவிடாய் நின்றபின் இது வரும் பெண்களில் சுமார் 90 சதவீதம் பேருக்கு ரத்தப்போக்கு இருக்கும். திருப்பிப் பார்த்தால், மாதவிடாய் நின்றபின் ரத்தம் படுகிற 100 பேரில் ஏறக்குறைய 9 பேருக்கு இந்தப் புற்று இருக்கும். மற்ற 91 பேருக்குச் சவ்வு மெலிந்து வறண்டது, பாலிப் (சவ்வில் வளரும் சின்னச் சதை), ஹார்மோன் மாத்திரை என்று வேறு காரணங்கள். இந்த 9 என்ற எண்ணை நினைவில் வையுங்கள், கீழே கணக்குக்கு வேண்டும்.

அம்மாவுக்கு எடுத்தது பெரும்பாலும் பைப்பெல் பயாப்சியாக இருக்கும். சுமார் 3 மில்லிமீட்டர் விட்டமும் 23 சென்டிமீட்டர் நீளமும் கொண்ட, வளையக்கூடிய பிளாஸ்டிக் குழாய். நுனிக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் துளை, உள்ளே ஊசி சிரிஞ்சில் இருப்பது போல ஒரு தண்டு. கர்ப்பப்பை வாயைத் துடைத்துவிட்டு, குழாயை மேல்சுவர் தட்டும்வரை உள்ளே விடுவார்கள். தண்டைப் பின்னால் இழுத்ததும் உறிஞ்சும் விசை உண்டாகும். அந்த விசையோடு குழாயை விரல்களில் உருட்டிக்கொண்டே மேலும் கீழுமாக மூன்று நான்கு முறை நகர்த்தினால் சவ்வு துளை வழியாக உள்ளே வரும். ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். மாதவிடாய் வலி போலக் கடுமையாக ஒரு பிடி பிடித்து அடங்கும். முதல் தடவையில் குழாய் நிறையவில்லை என்றால் அப்போதே இரண்டாம் தடவை எடுப்பது நல்ல பழக்கம். அவசரமான ஓபியில் இது விட்டுப்போவதும் ‘திசு போதவில்லை’ என்ற ரிப்போர்ட்டுக்கு ஒரு காரணம்.

இந்தக் குழாய் உள்சவ்வில் எவ்வளவு பரப்பைத் தொடும் தெரியுமா? 1993ல், அறுவை செய்து எடுத்த கர்ப்பப்பைகளில் அளந்து பார்த்தார்கள். சராசரியாக 4 சதவீதம் சொச்சம்தான். மின்பம்பு வைத்து உறிஞ்சும் வாப்ரா என்ற பழைய கருவி 40 சதவீதத்துக்கு மேல் தொட்டது. 4 சதவீதத்தைத் தொடும் கருவி எப்படி 90 சதவீத அளவுக்குப் புற்றுகளைப் பிடிக்கிறது என்ற சந்தேகம் வர வேண்டும். புற்றுத் திசு பொலபொலவென்று உதிரக்கூடியது, இறுக்கமான நல்ல சவ்வைவிட எளிதாக உறிஞ்சுக்கு வந்துவிடும். தவிர, ரத்தம் படும் அளவுக்கு வந்த புற்று பலருக்கும் ஏற்கனவே பெரும் பரப்பில் பரவியிருக்கும். ஆகவே இந்தப் பரிசோதனை பரவலான நோயை நன்றாகப் பிடிக்கும், ஒரு மூலையில் ஒதுங்கிய நோயைத் தவறவிடும். இதன் நம்பகத்தன்மை பற்றிச் சொல்லும் எல்லா எண்களுக்கும் அடியில் இருப்பது இந்த ஒரே உண்மைதான்.

இப்போது எண்கள். இணையத்தில் தேடினால் 99.6 சதவீதம் என்று ஒன்று கிடைக்கும். அது 2000ஆம் ஆண்டு வெளிவந்த ஒரு தொகுப்பாய்வின் எண். 39 ஆய்வுகள், கிட்டத்தட்ட 8,000 பெண்கள். மாதவிடாய் நின்றவர்களில் பைப்பெல் 99.6 சதவீதப் புற்றுகளையும், நிற்காதவர்களில் 91 சதவீதத்தையும் பிடித்தது என்று அதில் வந்தது. பொய்யில்லை, ஆனால் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு பரிசோதனை எதைத் தவறவிட்டது என்று தெரிய, அதைவிட உறுதியான இன்னொன்றோடு ஒப்பிட வேண்டும். பழைய ஆய்வுகள் பலவற்றில் ஒப்பீட்டுக்கு வைத்தது டிஎன்சியை, அதாவது கர்ப்பப்பையைச் சுரண்டி எடுக்கும் முறையை. அதுவும் கண்ணை மூடிக்கொண்டு செய்வதுதான். 1975லேயே ஒரு ஆய்வு காட்டியது: டிஎன்சி செய்தவர்களில் 60 சதவீதம் பேருக்கு உள்பரப்பில் பாதிகூடச் சுரண்டப்படவில்லை. இரண்டும் ஒரே மூலையைத் தவறவிட்டால், இரண்டும் ஒத்துப்போகிறது என்று மதிப்பெண் நூற்றுக்கு நூறு விழும்.

பின்னால் 2016ல் வந்த தொகுப்பாய்வு ஒன்று மாதவிடாய் நின்றபின் ரத்தம் பட்ட பெண்களை மட்டும் எடுத்துக்கொண்டு, எதோடு ஒப்பிட்டார்கள் என்று பிரித்துப் பார்த்தது. டிஎன்சியோடு ஒப்பிட்டால் 100 சதவீதம். கேமரா விட்டு நேரில் பார்க்கும் ஹிஸ்டரோஸ்கோபியோடு ஒப்பிட்டால் 90 சதவீதம், அதுவும் ஆய்வுக்கு ஆய்வு 50க்கும் 100க்கும் இடையே ஆடியது. பாலிப் உட்பட எல்லா உள்சவ்வுக் கோளாறுகளையும் சேர்த்துப் பார்த்தால் 39 சதவீதம்தான். பாலிப் இருக்கிறதா என்று அறிய பைப்பெல் உதவாது என்றே வைத்துக்கொள்ளலாம்.

அதே ஆய்வில் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுவது வேறு எண்கள். 11 சதவீதம் பேருக்குக் குழாயை உள்ளே விடவே முடியவில்லை. 31 சதவீதம் பேருக்கு வந்த திசு போதவில்லை. இப்படி விடை கிடைக்காமல் போனவர்களை மேற்கொண்டு பரிசோதித்தபோது 7 சதவீதம் பேருக்குப் புற்றோ அதற்கு முந்தைய நிலையோ இருந்தது. 99, 97 என்று மின்னும் ஆய்வுகள் பலவற்றில் இந்தப் பெண்கள் கணக்கிலேயே இல்லை, ‘போதிய திசு கிடைத்தவர்கள்’ மட்டும்தான் பகுதி எண்ணில். உங்கள் அம்மா இப்போது நிற்பது அந்த விடுபட்ட வரிசையில்.

திசு போதுமான அளவு கிடைத்து, ‘புற்று இல்லை’ என்றும் வந்திருந்தால் கணக்கு எப்படி இருக்கும்? ரத்தம் பட்ட 100 பேரில் 9 பேருக்குப் புற்று. 90 சதவீதம் பிடித்தால் 8 பேர் சொச்சம் பிடிபடுவார்கள், ஒருவர் தப்புவார். நெகட்டிவ் வந்த 92 பேரில் ஒருவருக்குப் புற்று மறைந்திருக்கிறது, அதாவது ஒரு சதவீதம் அளவு. இது நிம்மதி தரக்கூடிய எண்தான். ஆனால் இது ரத்தப்போக்கு நின்றுவிட்டவருக்கும் தொடர்கிறவருக்கும் சேர்த்துச் சொன்ன சராசரி. தொடர்ந்து ரத்தம் படுகிறவருக்கு ஆபத்து இதைவிட அதிகம். எடை கூடியவர், சர்க்கரை இருப்பவர், குழந்தை பெறாதவர், மார்பகப் புற்றுக்காக டமாக்சிஃபென் சாப்பிடுபவர், குடும்பத்தில் இளவயதிலேயே பெருங்குடல் புற்றோ கர்ப்பப்பைப் புற்றோ வந்தவர் என்றால் இன்னும் கூடும். கடைசியில் சொன்ன குடும்ப வரலாறு லிஞ்ச் நோய்க்குறியாக, அதாவது பரம்பரையாக இந்தப் புற்றுகளை வரவழைக்கும் மரபணுக் கோளாறாக இருக்கலாம். அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள், அவராகக் கேட்காவிட்டாலும்.

எங்கெங்கே தவறுகிறது என்பதை 1995ன் ஒரு ஆய்வு நன்றாகக் காட்டுகிறது. புற்று என்று ஏற்கனவே தெரிந்த 65 பெண்களுக்கு, கர்ப்பப்பையை எடுப்பதற்குச் சற்று முன் பைப்பெல் செய்து பார்த்தார்கள். 54 பேரில் பிடிபட்டது, 11 பேரில் தவறியது. தவறிய 11ல் 5 பேருக்குப் புற்று ஒரு பாலிப்புக்குள் மட்டும் இருந்தது. உள்பரப்பில் பாதிக்கு மேல் பரவியிருந்த எதையும் பைப்பெல் தவறவிடவில்லை. பாலிப் காம்பில் தொங்குவது. குழாய் உரசினால் ஒதுங்கிக்கொள்ளும், உறிஞ்சும் விசைக்கும் அவ்வளவு எளிதாக வராது. உட்குழிக்குள் புடைத்த ஃபைப்ராய்டு கட்டி இருந்தாலும் சிக்கல், அதற்குப் பின்னால் குழாய் போகாது.

இன்னொரு வகை சீரஸ் கார்சினோமா. கர்ப்பப்பை உள்சவ்வுப் புற்றுகளில் பத்தில் ஒன்று அளவுக்குத்தான் வரும், ஆனால் இறப்புகளில் அதன் பங்கு அதைவிடப் பல மடங்கு. இது மெலிந்து வறண்ட சவ்விலேயே முளைக்கும். அதனால் ஸ்கேனில் சவ்வு மெல்லியதாகத் தெரியலாம், பயாப்சியிலும் கொஞ்சமாகத்தான் திசு வரும். ‘4 மில்லிமீட்டருக்குள் இருக்கிறது, கவலை இல்லை’ என்ற விதி பெரும்பாலும் சரிதான். ரத்தம் பட்டவருக்குச் சவ்வு 4 மில்லிமீட்டரோ அதற்குக் கீழோ தெளிவாகத் தெரிந்தால் புற்று இல்லாமலிருக்க 99 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு. எனவே முதல் முறைக்கு பயாப்சியைத் தள்ளிப்போடலாம் என்று அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் சங்கமும் 2018ல் சொல்லியிருக்கிறது. ஆனால் மறுபடி ரத்தம் பட்டால் அந்த 4ஐ மறந்துவிட்டுத் திசு எடுக்க வேண்டும். தசையில் வரும் சார்கோமாவுக்கு இந்த பயாப்சியை நம்பவே கூடாது, அது சவ்வுக்கு அடியில் இருக்கும், குழாய் எட்டாது.

‘போதவில்லை’ என்பதையும் ஸ்கேனோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். சவ்வு 3 மில்லிமீட்டர், பயாப்சியில் சில துணுக்குகள் மட்டும் என்றால் இரண்டும் ஒரே கதையைச் சொல்கின்றன: சவ்வு மெலிந்திருக்கிறது, எடுக்க அங்கே எதுவும் இல்லை. ரத்தப்போக்கும் நின்றுவிட்டால் காத்திருந்து பார்க்கலாம். சவ்வு 9 மில்லிமீட்டர், ஆனால் திசு வரவில்லை என்றால் இரண்டும் முரண்படுகின்றன. 9 மில்லிமீட்டர் சவ்வு குழாய்க்கு வராமல் எங்கே போனது? பெரும்பாலும் குழாய் உள்ளே முழுதும் போகவில்லை, அல்லது அந்தத் தடிப்பு ஒரு பாலிப். இரண்டில் எதுவானாலும் மேற்கொண்டு பார்த்தே ஆக வேண்டும். அம்மாவின் நிலை இதுதான்.

அடுத்த படி ஹிஸ்டரோஸ்கோபி. கர்ப்பப்பைக்குள் கேமரா விட்டு, தண்ணீரால் விரித்துப் பார்த்து, சந்தேகப்படும் இடத்திலிருந்து நேராகத் திசு எடுப்பது, பாலிப் இருந்தால் அடியோடு எடுத்துவிடுவது. வெறும் டிஎன்சி மட்டும் செய்யலாம் என்றால், ‘கேமரா வைத்துச் செய்ய முடியுமா’ என்று கேளுங்கள். மயக்க மருந்தும் கொடுத்து, மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டு சுரண்டுவதில் கிடைப்பது கொஞ்சம்தான். அதே சமயம் ‘கேமராவில் பார்த்தோம், சுத்தமாக இருக்கிறது’ என்று திசு எடுக்காமல் வருவதும் போதாது. கண்ணால் மட்டும் பார்த்து முடிவு செய்தால் ஏழில் ஒரு புற்று அளவுக்குத் தவறிப்போகிறது. பார்ப்பதும் எடுப்பதும் சேர்ந்துதான் பரிசோதனை. ஹிஸ்டரோஸ்கோபி வசதி பக்கத்தில் இல்லை என்றால், உட்குழிக்குள் உப்புநீர் விட்டு எடுக்கும் ஸ்கேன் பாலிப்பை நன்றாகக் காட்டும். தடிப்பு ஒரே இடத்திலா, சுற்றிலுமா என்று அதில் தெரிந்துவிடும்.

பாசிட்டிவ் பக்கம் இந்தப் பரிசோதனை உறுதியானது. புற்று என்று வந்தால் பெரும்பாலும் புற்றுதான். ஆனால் அங்கேயும் ஒரு வளைவு உண்டு. ‘ஏடிபியாவுடன் கூடிய ஹைப்பர்பிளேசியா’ (சவ்வு அளவுக்கு மீறி வளர்ந்து, அணுக்களின் தோற்றமும் மாறியிருப்பது) என்று வந்தால் பலரும் ‘புற்றுக்கு முந்தைய நிலைதானே, நேரம் இருக்கிறது’ என்று நினைக்கிறார்கள். அமெரிக்காவில் நடந்து 2006ல் வெளியான ஆய்வில், அப்படி ரிப்போர்ட் வந்த 289 பெண்களின் கர்ப்பப்பையை எடுத்துப் பார்த்தபோது 123 பேருக்கு, அதாவது 42.6 சதவீதம் பேருக்கு, ஏற்கனவே புற்று உள்ளே இருந்தது. எனவே அந்த ரிப்போர்ட்டைத் தள்ளிப்போடக் கூடாது. ஏடிபியா இல்லாத ஹைப்பர்பிளேசியா வேறு விஷயம். இருபது வருடத்தில் புற்றாக மாறும் வாய்ப்பு 5 சதவீதத்துக்குக் கீழே, பெரும்பாலும் புரோஜெஸ்டரோன் மாத்திரையிலோ ஹார்மோன் சுரக்கும் காப்பர்-டி போன்ற கருவியிலோ அடங்கிவிடும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை பயாப்சி, அடுத்தடுத்து இரண்டு முறை சுத்தம் என்று வரும்வரை. புற்றின் கிரேடு, அதாவது அதன் வீரிய அளவு, விஷயத்திலும் பயாப்சி முழுமையானதில்லை. அறுவைக்குப் பிறகு வரும் இறுதி கிரேடோடு அது ஒத்துப்போவது மூன்றில் இரண்டு முறைதான்.

ஆய்வகப் பக்கத்தில் வீட்டார் கையில் இருக்கும் சில விஷயங்கள் உண்டு. பல ஊர்களில் திசு பாட்டிலை நம்மிடமே கொடுத்து லேபில் சேர்க்கச் சொல்கிறார்கள். பாட்டிலில் இருப்பது 10 சதவீத ஃபார்மலினா என்று கேட்டுக்கொள்ளுங்கள், திசுவைப் போலப் பத்து மடங்காவது திரவம் இருக்க வேண்டும். சலைனில் போட்டு ஒரு நாள் வைத்தால் அணுக்கள் சிதைந்துவிடும், எந்தப் பெத்தாலஜிஸ்டாலும் படிக்க முடியாது. கூடவே போகும் படிவத்தில் வயது, மாதவிடாய் நின்ற வருடம், ஸ்கேன் அளவு, சாப்பிடும் மாத்திரைகள் எல்லாம் இருக்க வேண்டும். முக்கியமாக, ரத்தத்தை நிறுத்த நோரெதிஸ்டிரோன் கொடுத்திருந்தால் அதையும். அந்த மாத்திரை சவ்வின் தோற்றத்தையே மாற்றிவிடும், சில நேரம் ஹைப்பர்பிளேசியாவை மறைத்தும்விடும். ரிப்போர்ட்டில் ‘எண்டோசெர்விக்கல் திசு மட்டும்’ என்று இருந்தால் குழாய் வாயைத் தாண்டவில்லை என்று பொருள். ‘ப்ரோலிஃபரேட்டிவ்’ (சவ்வு வளர்ந்துகொண்டிருக்கிறது) என்று 58 வயதில் வந்தால் அது இயல்பானதில்லை, எங்கிருந்தோ ஈஸ்ட்ரோஜன் வருகிறது, காரணம் தேட வேண்டும். சந்தேகம் இருந்தால் சிலைடுகளையும் மெழுகுக் கட்டிகளையும் கேட்டு வாங்கி, பெண்கள் நோய் பெத்தாலஜியில் பழகியவரிடம் இரண்டாம் கருத்துக்குக் கொடுக்கலாம். கேட்கத் தயங்க வேண்டாம்.

‘ஊசி, கத்தி பட்டால் புற்று பரவும்’ என்ற பயம் இந்த பயாப்சியைத் தாமதப்படுத்தும் பெரிய காரணம். பைப்பெலால் புற்று பரவுகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. ஹிஸ்டரோஸ்கோபியில் விடும் தண்ணீர் கருக்குழாய் வழியாக வயிற்றுக்குள் சில அணுக்களைக் கொண்டுபோகலாம் என்பது உண்மை, அதனால் குறைந்த அழுத்தத்தில் செய்வார்கள். அதனால் ஆயுள் குறைகிறது என்று நிறுவப்படவில்லை. கர்ப்பப்பையில் ஓட்டை விழுவது ஆயிரத்தில் ஒன்று இரண்டு பேருக்கு நடக்கும், பெரும்பாலும் தானே ஆறிவிடும்.

பரிசோதனை முடியாமலே கர்ப்பப்பையை எடுப்பதுதான் உண்மையில் ஆபத்தான யோசனை. உள்ளே புற்று இருந்தால் அதற்குரிய அறுவை வேறு: சினைப்பைகளையும் குழாய்களையும் சேர்த்து எடுக்க வேண்டும், நிணநீர் முடிச்சுகளைச் சோதிக்க வேண்டும், கர்ப்பப்பையைத் துண்டாக்காமல் முழுதாக வெளியே எடுக்க வேண்டும். தெரியாமல் சாதாரண அறுவையாகச் செய்துவிட்டு, பிறகு ரிப்போர்ட்டில் புற்று என்று வந்து, மறுபடி வயிற்றைத் திறக்கும் நிலை வரக் கூடாது.

அம்மாவுக்கு இப்போது செய்ய வேண்டியது: ஸ்கேன் படம், பயாப்சி ரிப்போர்ட், மாத்திரைப் பட்டியல் மூன்றையும் எடுத்துக்கொண்டு, ஹிஸ்டரோஸ்கோபி செய்யும் மகப்பேறு மருத்துவரிடம் ஓரிரு வாரத்துக்குள் போங்கள். ரத்தம் இளக்கும் மாத்திரை, சர்க்கரை, இதய நோய் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். மயக்கம் இல்லாமல் செய்வதாக இருந்தால், சிறுநீரகக் கோளாறோ அல்சரோ ஆஸ்துமாவோ இல்லாதவர்கள் ஒரு மணி நேரம் முன்பு ஐபுப்ரோஃபென் 400 மில்லிகிராம் போட்டுக்கொள்ளலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அதற்குப் பிறகு இரண்டு மூன்று நாள் லேசான கசிவு இயல்பு. காய்ச்சல், நாற்றமுள்ள திரவம், பேட் நனைந்து வழியும் ரத்தம் இவற்றில் எது வந்தாலும் அன்றே திரும்பிப் போக வேண்டும். அந்த ரிப்போர்ட்டும் சுத்தம் என்று வந்து, ஆறு மாதம் கழித்து மறுபடி ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும், ‘போன தடவைதான் பார்த்தோமே’ என்று வீட்டில் யார் சொன்னாலும் கேட்காமல் அம்மாவை மறுபடி அழைத்துப் போங்கள்.